சிஸ் பெப்டைடு பிணைப்பு
புரத இழையில் அமினோ அமிலங்களை இணைக்கும் கார்பன்–நைட்ரஜன் பிணைப்பே பெப்டைடு பிணைப்பு. அது ஓரளவு இரட்டைப் பிணைப்புத் தன்மை கொண்டது. எனவே எளிதில் சுழலாமல் தட்டையாக நிற்கும். அதைச் சுற்றிய முறுக்குக் கோணமான ஒமேகா பெரும்பாலும் 180 பாகையை ஒட்டியிருக்கும், இது டிரான்ஸ். 0 பாகையை ஒட்டி அமைவது சிஸ். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோர் 1963இல் வெளியிட்ட வரைபடம் தட்டையான டிரான்ஸ் அமைப்பையே அடிப்படையாகக் கொண்டது. இழையின் மற்ற இரு முறுக்குக் கோணங்களான ஃபை, சை ஆகியவற்றின் மதிப்புகளில் எவை அணுக்கள் மோதாமல் இயலும் என்பதை அது காட்டியது. சிஸ் ஏன் அரிது என்ற கேள்வியை ராமச்சந்திரனே 1976இல் ஏ. கே. மித்ராவுடன் எடுத்துக்கொண்டார். அடித்தளமாக வைத்த அனுமானத்தின் விதிவிலக்கையும் ஆராய்ந்தது அவர் பணியின் சிறப்பு.

அரிதானதால் சிஸ் என்பது புரத அமைப்பின் மாதிரியை உருவாக்கும்போது நேர்ந்த வெறும் பிழை என்று சொல்வோர் உண்டு. தெளிவு குறைந்த படிகத் தரவுகளில் அந்த ஐயம் நியாயமானதே. எலக்ட்ரான் அடர்த்தி உறுதி செய்யாத சிஸ் பிணைப்பை ஏற்கக் கூடாது. ஆனால் புரோலினுக்கு முன்னுள்ள பிணைப்புகளில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து சிஸ்தான். புரோலினின் வளையம் இரு வடிவங்களின் ஆற்றல் வேறுபாட்டைக் குறைக்கிறது. மற்ற இடங்களில் பத்தாயிரத்துக்குச் சிலவே. அவற்றில் பல புரதம் வேலை செய்யும் இடத்தருகே அமைகின்றன: கான்கனாவலின் ஏ புரதத்தில் அலனின் 207, அஸ்பார்ட்டிக் அமிலம் 208 இடையிலான சிஸ் பிணைப்பு உலோக அயனிகள் பிணையும் பகுதியை ஒட்டியது. தற்செயல் பிழைகள் இப்படி ஓரிடம் தேடிச் சேர்வதில்லை.