ஒரு பெருக்கல் கணக்கும் ஒரு தாயும்



நிகழ்தகவுப் பாடத்தில், "சார்பற்ற நிகழ்ச்சிகள் என்றால் மட்டும் பெருக்கு" என்று கரும்பலகையில் எழுதி இரண்டு முறை அடிக்கோடு போடுவேன். அந்த 'மட்டும்' எதற்கு சார் என்று கேட்டவர்களுக்காக இந்த வரலாறு.

இங்கிலாந்தில் சாலி கிளார்க் என்று ஒரு வழக்கறிஞர். 1996 டிசம்பரில் அவருடைய முதல் கைக்குழந்தை திடீரென இறந்தது. 1998 ஜனவரியில் இரண்டாவதும் அப்படியே போனது. பெற்றவளே கொன்றுவிட்டாள் என்று வழக்குப் போட்டார்கள்.

1999இல் செஸ்டர் நீதிமன்றத்தில் ராய் மெடோ என்ற புகழ்பெற்ற குழந்தை மருத்துவர் சாட்சி சொன்னார். வீட்டில் யாரும் புகைப்பதில்லை, வருமானம் உண்டு, தாய்க்கு 26 வயதுக்கு மேல். இப்படிப்பட்ட குடும்பத்தில் ஒரு குழந்தை காரணம் தெரியாமல் இறக்கும் வாய்ப்பு 8,543இல் ஒன்று. இரண்டு குழந்தைகளா? 8,543ஐ 8,543ஆல் பெருக்கு. ஏறக்குறைய 7 கோடியே 30 லட்சத்தில் ஒன்று! நூறு ஆண்டுக்கு ஒருமுறைதான் இப்படி நடக்கும் என்றும் சொன்னார்.

பெருக்கல் சரிதான். பெருக்கியதுதான் தப்பு. நாணயத்துக்கு ஞாபகம் கிடையாது; முதலில் தலை விழுந்தது அடுத்த சுண்டலுக்குத் தெரியாது. குழந்தைகள் நாணயமா? ஒரே தாய் தகப்பன், பொதுவான மரபணுக்கள், ஒரே வீடு. அண்ணனுக்கு அம்மை போட்டால் தம்பியையும் கவனி என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அந்த அறிவு போதும்.

இன்னொரு தப்பு இதைவிடப் பெரியது என்பேன். அந்த எண்ணை, 'இவள் நிரபராதியாக இருக்கும் வாய்ப்பு' என்று பலரும் புரிந்துகொண்டார்கள். லாட்டரியில் முதல் பரிசு விழுந்தவனைப் பிடித்து, "இவ்வளவு அரிதானது தானாக நடக்குமா? நீ திருடன்தான்" என்பது போல. ஒரு தாய் தன் இரண்டு குழந்தைகளைக் கொல்வதும் மிக மிக அரிதுதானே! இரண்டு அரிதில் எது அதிக அரிது என்றல்லவா ஒப்பிட வேண்டும்?

பத்துக்கு இரண்டு என்று ஜூரி குற்றவாளி என்றது. ஆயுள் தண்டனை. 2000இல் மேல்முறையீடும் தோற்றது. 2001 அக்டோபரில் ராயல் புள்ளியியல் கழகம், அந்தக் கணக்குக்கு அடிப்படையே இல்லை என்று பகிரங்கமாக அறிக்கை விட்டது. ஆனால் அவரை வெளியே கொண்டுவந்தது கணக்கு அல்ல. இரண்டாவது குழந்தையின் உடலில் கிருமித் தொற்று இருந்ததைக் காட்டும் பரிசோதனை முடிவு, விசாரணையின்போது எதிர்த்தரப்புக்குத் தரப்படவே இல்லை. அது தெரியவந்து, 2003 ஜனவரியில் விடுதலை. அதே ஆண்டு டிசம்பரில், மெடோ சாட்சி சொன்ன இன்னொரு வழக்கில் ஏஞ்சலா கேனிங்ஸ் என்ற தாயும் விடுதலையானார்.

சாலி அதன் பிறகு தேறவே இல்லை. 2007 மார்ச்சில் இறந்தபோது அவருக்கு வயது 42.