ஜெர்மன் ஷெப்பர்டு நாய்களின் கருவிழி அழற்சி: ஒரு வரலாறு

நீடித்த மேற்புறக் கருவிழி அழற்சி என்பது நாய்களின் இரு கண்களையும் தாக்கி, கவனிக்காமல் விட்டால் பார்வையைப் பறித்துவிடும் மரபுவழி நோயாகும். மருத்துவர்கள் இதனைச் சுருக்கமாகப் 'பன்னஸ்' என்பர். இலத்தீன் மொழியில் இச்சொல்லுக்குத் துணித்துண்டு என்று பொருள். கருவிழியின் மேல் செந்நிறச் சதைத்திரை ஒன்று துணியைப் போல் படர்வதால் இப்பெயர் வந்தது. கிரேஹவுண்டு போன்ற வேறு சில இனங்களிலும் இந்நோய் உண்டு. எனினும் நம் ஊரில் 'அல்சேஷன்' என்று அழைக்கப்படும் ஜெர்மன் ஷெப்பர்டு இனத்தில்தான் இது மிகுதி.

இனத்தின் தோற்றம்

ஜெர்மன் ஷெப்பர்டு பழமையான இனம் அன்று. ஜெர்மானியக் குதிரைப்படை அதிகாரியாக இருந்த மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் 1899 இல் ஹோராண்ட் என்னும் ஆட்டுக்கிடை நாயை வாங்கினார். அதே ஆண்டில் இவ்வினத்துக்கான சங்கத்தையும் நிறுவினார். சங்கப் பதிவேட்டின் முதல் நாய் ஹோராண்டே ஆகும். விரும்பிய உருவமும் குணமும் நிலைபெற வேண்டும் என்பதற்காக அதன் வழிவந்த குட்டிகளைத் தமக்குள்ளேயே மீண்டும் மீண்டும் இணை சேர்த்தனர். இன்று உலகெங்கும் உள்ள இவ்வின நாய்கள் அந்தச் சிறு கூட்டத்தின் வழித்தோன்றல்களே.

முதல் உலகப்போருக்குப் பின் 'ஜெர்மன்' என்ற சொல்லையே விரும்பாத பிரிட்டனில் இதற்கு அல்சேஷன் என்று பெயர் சூட்டினர். பழைய பெயரை அவர்கள் மீண்டும் ஏற்றது 1977 இல்தான். பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த சென்னையில் அல்சேஷன் என்ற பெயரே நிலைத்துவிட்டது.

சென்னையில் அல்சேஷனும் கால்நடை மருத்துவமும்

1951 இல் சென்னைக் காவல் துறையில் மோப்ப நாய்ப் பிரிவு தொடங்கப்பட்டது. பின்னர் ஆதம்பாக்கம், நங்கநல்லூர், வேளச்சேரி போன்ற பகுதிகளில் தனிவீடுகள் பெருகியபோது, 'நாய்கள் ஜாக்கிரதை' என்ற பலகையும் ஓர் அல்சேஷனும் பல வீட்டு வாசல்களுக்கு வந்து சேர்ந்தன.

மனிதக் கண்ணுக்கான மருத்துவத்தில் சென்னை மிகவும் முந்தியது. இன்று எழும்பூரில் உள்ள அரசு கண் மருத்துவமனை 1819 இல் நிறுவப்பட்டது. கால்நடைகளுக்கான கல்லூரி 1903 இல் வேப்பேரியில் டாபின் ஹால் என்னும் கட்டடத்தில் இருபது மாணவர்களுடன் தொடங்கியது. 1936 இல் அது சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டுப் பட்டப்படிப்பு வழங்கலாயிற்று. 1989 இல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவானபோது அதன் ஓர் அங்கமாயிற்று. தொடக்கக் காலக் கால்நடை மருத்துவத்தின் கவலையெல்லாம் மாடுகளைக் கொன்ற வெக்கை நோயும் படைக் குதிரைகளுமே. வீட்டு நாயின் கண்ணுக்கென்று தனிக் கவனம் கிடைக்க நெடுங்காலம் ஆயிற்று.

கல்லூரி தொடங்கிய அதே 1903 இல், ஜெர்மானியக் கண் மருத்துவர் ஓட்டோ ஷிர்மர் கண்ணீரை அளக்கும் எளிய முறை ஒன்றை வெளியிட்டார். கீழ் இமைக்குள் செருகிய தாள் துண்டில் கண்ணீர் எத்தனை மில்லிமீட்டர் ஊறுகிறது என்று பார்ப்பதே அம்முறை. மனிதருக்காக வந்த இச்சோதனை இன்று நாய்க்கண் மருத்துவத்தின் முதல் படியாக விளங்குகிறது. 1871 இல் அடோல்ஃப் ஃபான் பேயர் உருவாக்கிய ஃபுளூரசீன் என்னும் சாயமும் அவ்வாறே. கருவிழியில் புண் இருந்தால் அவ்விடம் மட்டும் பச்சையாக ஒளிரும்.

நோயின் போக்கும் காரணமும்

பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து வயதில் நோய் தலைகாட்டும். கருவிழியின் வெளிப்பக்கக் கீழோரத்தில் இளஞ்சிவப்புப் படலம் ஒன்று தோன்றும். அதில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் ஓடும். படலம் நடுப்பகுதியை நோக்கி நகர, அதன் பின்னால் பழுப்பு நிறமி படியும். வலி இல்லாததால் நாய் கண்ணைத் தேய்ப்பதுமில்லை, முனகுவதுமில்லை. இருட்டில் படியில் இடறிய பிறகுதான் வீட்டார் கவனிப்பர். அதற்குள் இரு கண்களிலும் பாதி மறைந்திருக்கும்.

இதற்குக் கிருமி காரணமன்று. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு அணுக்கள் சொந்தக் கருவிழியையே பகையாகக் கருதித் தாக்குகின்றன. சூரிய ஒளியின் புற ஊதாக்கதிர் இத்தாக்குதலைத் தூண்டுகிறது. உயரமான மலைப்பகுதிகளில் வாழும் நாய்களிடம் நோய் மிகுதியாகவும் கடுமையாகவும் காணப்படுவது இதற்குச் சான்று. 2011 இல் வெளியான ஆய்வொன்று, நோய் எதிர்ப்பை ஆளும் மரபணுத் தொகுதியின் குறிப்பிட்ட ஒரு வடிவம் ஜெர்மன் ஷெப்பர்டு நாய்களில் இந்நோயுடன் தொடர்புடையது என்று காட்டியது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் அவ்வடிவத்தைப் பெற்ற நாய்க்கு ஆபத்து மிகுதி. ஆக, மரபு மருந்துப்பொடி என்றால் வெயில் தீக்குச்சி எனலாம். ஆண்டு முழுதும் வெயில் காயும் சென்னையில், மொட்டைமாடியில் பகலெல்லாம் கட்டிக் கிடக்கும் அல்சேஷனுக்கு இவ்விரண்டும் சேர்ந்துவிடுகின்றன.

நோயறிதல்

இனம், வயது, படலம் தோன்றிய இடம் ஆகிய மூன்றுமே மருத்துவருக்குப் பாதி விடையைத் தந்துவிடும். மீதிக்குச் சோதனைகள் தேவை. கண்ணீர்ச் சோதனையில் ஒரு நிமிடத்தில் 15 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் ஊறினால் இயல்பு. 10க்குக் கீழ் என்றால் உலர்கண் நோய் எனச் சந்தேகிக்க வேண்டும். உலர்கண்ணிலும் கருவிழி மங்கி நிறமி படியும் என்பதால் இரண்டையும் பிரித்தறிவது முக்கியம். அடுத்துச் சாயச் சோதனையால் புண் இல்லை என்று உறுதி செய்வர். ஐயம் தீராவிடில் படலத்தைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பர்.

நம் ஊரில் மற்றொன்றையும் மறக்கலாகாது. உண்ணிகள் பரப்பும் எர்லிக்கியா காய்ச்சலும் நாயின் கண்ணுக்குள் அழற்சியை உண்டாக்கும். அது மரபுநோய் அன்று, இரத்தச் சோதனையில் தெரியவரும், மருந்தும் வேறு. சிவந்த கண்ணையெல்லாம் பரம்பரைக் கோளாறு என்று ஒதுக்கிவிடுவது, தீர்க்கக்கூடிய நோயைத் தீர்க்காமல் விடுவதாகும்.

மருத்துவம்

பன்னஸ் நோயை முற்றிலும் நீக்கும் மருந்து இல்லை. அடக்கி வைக்க முடியும். ஸ்டீராய்டு சொட்டு மருந்தே நெடுங்காலமாக முதல் ஆயுதம். தொடக்கத்தில் நாளுக்குப் பலமுறை இட்டு, படலம் சுருங்கியபின் மெல்லக் குறைப்பர். ஆனால் கருவிழியில் புண் இருக்கும்போது இதே மருந்தை இட்டால் புண் ஆழமாகிக் கண்ணே போய்விடலாம். வீட்டில் மிச்சமிருக்கும் மனிதர்களுக்கான சொட்டு மருந்தை நாய்க்கு இடலாகாது என்பது இதனால்தான்.

இரண்டாவது மருந்தான சைக்ளோஸ்போரினுக்குத் தனி வரலாறு உண்டு. நார்வே நாட்டு மண்ணிலிருந்து எடுத்த பூஞ்சையில், சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் நிறுவனத்தார் 1970களில் இதன் ஆற்றலைக் கண்டறிந்தனர். உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்காக அமெரிக்காவில் 1983 இல் ஒப்புதல் கிடைத்தது. ஜார்ஜியா பல்கலைக்கழகக் கால்நடைக் கண் மருத்துவர் ரெனே காஸ்வான் நாய்களின் உலர்கண்ணுக்கு அதனை இட்டுப் பயன் கண்டார். 1995 இல் நாய்களுக்கான கண் களிம்பாக அது விற்பனைக்கு வந்தது. 2002 இல்தான் மனிதரின் உலர்கண்ணுக்கு ஒப்புதல் கிடைத்தது. மனிதரிடமிருந்தே கடன் வாங்கிவந்த நாய் மருத்துவம், இம்முறை மனிதருக்குக் கொடுத்தது குறிப்பிடத்தக்கது.

மருந்துக்கு நிகரானது நிழல். காலை பத்து மணிக்கு முன்னும் மாலை நான்கு மணிக்குப் பின்னும் நடைக்கு அழைத்துச் செல்வதும், பகலில் வீட்டுக்குள் வைத்திருப்பதும் செலவில்லாத சிகிச்சை. கண் தெளிந்துவிட்டது என்று சொட்டு மருந்தை நிறுத்துவதே பலரும் செய்யும் பிழை. நிறுத்தினால் படலம் திரும்பும். ஒருமுறை படிந்த நிறமி எளிதில் கரையாது.

இனப்பெருக்கம்

இந்நோயின் வரலாற்றில் இன்னும் தீராத சிக்கல் இதுவே. நாய் இரண்டு வயதிலேயே குட்டி ஈனத் தொடங்குகிறது. நோயோ மூன்று வயதுக்கு மேல்தான் வெளிப்படுகிறது. நோய் தெரியும்போது அதன் குட்டிகள் ஊரெங்கும் பரவியிருக்கும். இதனால்தான் இனப்பெருக்க நாய்களின் கண்களை ஆண்டுதோறும் சோதித்துப் பதிவு செய்யும் வழக்கம் சில நாடுகளில் ஏற்பட்டது. அமெரிக்காவில் இதற்கெனத் தனிப் பதிவேடு 1974 இல் தொடங்கியது.

இந்தியாவில் 2017 இல் நாய் இனப்பெருக்கம், விற்பனை குறித்த விதிகள் வந்தன. இனப்பெருக்குவோர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். எட்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டியை விற்கக் கூடாது. நல்ல தொடக்கமே. ஆயினும் வம்சாவளிச் சான்றிதழ் பாட்டன் பூட்டன் பெயரைச் சொல்லுமே தவிர, அவர்கள் கண் எப்படி இருந்தது என்று சொல்லாது. எனவே குட்டி வாங்குவோர் தாயையும் தந்தையையும் நேரில் காட்டச் சொல்ல வேண்டும். அவற்றின் வயதைக் கேட்டு, பகல் வெளிச்சத்தில் கருவிழியின் வெளியோரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து வயதைக் கடந்தும் தெளிந்த கண்ணுள்ள பெற்றோரின் குட்டி ஓரளவு நம்பத்தக்கது. நோய் கண்ட நாயை மேற்கொண்டு இணை சேர்க்காமல் விடுவதும், அதன் குட்டிகளை வாங்கியவர்களுக்குச் செய்தி சொல்லிவிடுவதும் வளர்ப்போரின் கடமையாகும். செய்தி முன்னதாகவே போய்ச் சேர்ந்தால் அந்தக் குட்டிகளின் பார்வையையாவது காக்கலாம்.