முகாமையாளரும் அதிபரும்: ஈழத்துப் பாடசாலைத் தலைமையும் பட்டப்பின் கல்வியும்

கல்வி முகாமைத்துவமும் தலைமைத்துவமும் இன்று இலங்கையின் பல்கலைக்கழகங்களிலும் தேசிய கல்வி நிறுவகத்திலும் பட்டப்பின் கற்கைகளாக இடம்பெறுகின்றன. அதிபர்களும் கல்வி அதிகாரிகளும் அவற்றைப் பயின்று வருகின்றனர். மேலைநாடுகளிற் கைத்தொழிற்சாலைகளுக்கெனத் தோன்றிய ஓர் அறிவுத்துறை பிற்காலத்தில் ஈழத்துப் பாடசாலைகளுக்குள் புகுத்தப்பட்டதன் விளைவே இக்கற்கை என்ற கருத்துப் பொதுவாக நிலவுகின்றது. இக்கருத்து முழுவதும் பிழையன்று, முழுவதும் சரியுமன்று. ‘முகாமையாளர்’ என்பவர் ஈழத்துக் கல்வியுலகுக்குப் புதியவரல்லர். அவருடைய வரலாற்றை நோக்குமிடத்து, அதிகாரம் ஒருவரிடமும் பொறுப்பு வேறொருவரிடமுமாக நெடுங்காலம் பிரிந்து கிடந்தமை புலனாகும். அப்பிரிவு விட்டுச்சென்ற வெற்றிடமே இங்கு பட்டப்பின் கல்விக்குரிய தேவையை உண்டாக்கியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஈழத்துக் கல்வி பெரும்பாலும் மிசனரிமாரின் கையில் இருந்தது. 1841இல் மத்திய பாடசாலை ஆணைக்குழுவும், 1869இல் பொதுப் போதனைத் திணைக்களமும் நிறுவப்பட்டன. திணைக்களம் தோன்றியதை அடுத்து, இங்கிலாந்தின் முறையைப் பின்பற்றிப் பெறுபேற்றுக்கேற்ப நன்கொடை வழங்கும் முறை நடைமுறைக்கு வந்தது. வித்தியாதரிசி பாடசாலைக்கு வந்து பிள்ளைகளை வாசிப்பிலும் எழுத்திலும் கணிதத்திலும் பரீட்சிப்பார். அவர்களின் சித்திக்கேற்ப நன்கொடை அமையும். அந்நன்கொடை தலைமையாசிரியரிடம் ஒப்படைக்கப்படுவதில்லை. ஊர் வழக்கில் ‘மனேச்சர்’ எனப்பட்ட முகாமையாளரே அதனைப் பெற்றார். ஆசிரியரை நியமிப்பவரும், விலக்குபவரும், சம்பளம் வழங்குபவரும் அவரே. பல பாடசாலைகள் ஒரே முகாமையாளரின் கீழ் இயங்குவதும் உண்டு. தலைமையாசிரியரோ வித்தியாதரிசியின் வருகைக்குப் பிள்ளைகளை ஆயத்தஞ் செய்பவராக இருந்தார். பாடசாலையின் உயர்வுக்கும் தாழ்வுக்கும் ஊரார் அவரையே பொறுப்பாளியாகக் கண்டனர். ஆனால் ஓர் ஆசிரியரைத் தானும் நியமிக்கும் உரிமை அவருக்கு இருக்கவில்லை.

இந்நிலைக்கு மாறாக, 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலரிடம் முகாமையும் தலைமையும் ஒருங்கே அமைந்திருந்தன. பொருள் திரட்டியவரும், பாடநூல் எழுதியவரும், ஆசிரியரை வழிநடத்தியவரும் அவரே. அரசின் நன்கொடையின்றிப் பல ஆண்டுகள் நடைபெற்ற அவ்வித்தியாசாலைக்கு வீடுகளிற் சேர்த்த பிடியரிசியும் ஆதாரமாயிற்று. ஆயினும் சைவப் பாடசாலைகள் பெருகியபோது அவையும் நன்கொடை முறைக்குள் அடங்கின. 1923இல் தோன்றிய சைவ வித்தியாவிருத்திச் சங்கம் ஊரூராகப் பாடசாலைகளை அமைத்தது. அச்சங்கத்தின் தொண்டு பெரிது. எனினும் மிசனரிமார் வகுத்த முகாமையாளர் முறையையே அதுவும் கைக்கொண்டது. நிறுவியோரின் சமயம் மாறிற்று, முறை மாறவில்லை.

இம்முறையின் நன்மையை மறுத்தல் இயலாது. அரசு பள்ளி அமைக்காத இடங்களிலும் முகாமையாளர் பள்ளி அமைத்தனர். இதன் மறுபக்கமும் நோக்கற்பாலது. ஆசிரியரின் பிழைப்பு ஒருவரின் விருப்பு வெறுப்பைச் சார்ந்திருந்தது. சமுதாயக் கேள்விகள் எழுந்தபோதும் பாடசாலையின் போக்கைத் தீர்மானித்தவர் தலைமையாசிரியர் அல்லர். 1930ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வழங்கவேண்டும் என்ற விதி வந்தபோது யாழ்ப்பாணத்திற் கடும் எதிர்ப்புக் கிளம்பியது. சில பாடசாலைகள் தீக்கிரையாயின. ஒருபுறம் அரசின் விதி, மறுபுறம் ஊரின் பகை. இவற்றுக்கிடையே வகுப்பறையில் நின்ற தலைமையாசிரியருக்குத் துணையாக இருந்தது அவருடைய மனச்சாட்சி ஒன்றே.

சட்டத்தில் இடம்பெறாத இத்தகைய தலைமையைச் சிலர் தம் ஆளுமையாலேயே நிலைநாட்டினர். கொக்குவில் இந்துக் கல்லூரியில் ஹன்டி பேரின்பநாயகமும், ஸ்கந்தவரோதயத்தில் ‘ஒறேற்றர்’ சுப்பிரமணியமும் இதற்கு எடுத்துக்காட்டாவர். முகாமைத்துவப் பட்டம் எதுவும் அவர்களுக்கு இருக்கவில்லை. ஆயினும் அவர்களின் சொல்லுக்குக் கல்லூரியும் ஊரும் செவிசாய்த்தன.

1945 ஒக்டோபர் 1ஆந் திகதி இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கன்னங்கராவின் பெயரோடு இணைந்த இம்மாற்றத்தின் பின் பாடசாலையை நாடிய பிள்ளைகளின் தொகை பெருகிற்று. முகாமையாளர் முறைக்கு முடிவு கட்டியது 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமுமாகும். கட்டணமின்றித் தனித்தியங்க விரும்பிய சில கல்லூரிகள் நீங்கலாக, நன்கொடை பெற்ற பாடசாலைகள் அரசின் பொறுப்பில் வந்தன. அவற்றின் தொகை இரண்டாயிரத்துக்கு மேற்பட்டது.

முகாமையாளர் மறைந்தார். ஆனால் அவரிடம் இருந்த அதிகாரம் அதிபரிடம் வந்து சேரவில்லை. அது திணைக்களத்துக்குச் சென்றது. நியமனமும் இடமாற்றமும் கொழும்பிலும் பிராந்திய அலுவலகங்களிலும் தீர்மானிக்கப்பட்டன. அரசியற் செல்வாக்குக்கும் அங்கே இடமுண்டாயிற்று. முன்னர் ஒரு மனிதருக்குக் கட்டுப்பட்டிருந்த அதிபர் இப்பொழுது சுற்றுநிருபத்துக்குக் கட்டுப்பட்டார். கட்டடம், தளபாடம், நிதி, ஒழுங்கு, பெற்றார், பரீட்சை ஆகிய அனைத்தும் அவர் தலைமேல் வந்தன. இவற்றுக்கெல்லாம் அவரை ஆயத்தஞ் செய்த பயிற்சி யாது என்ற வினா அப்பொழுதுதான் உண்மையான வினாவாயிற்று.

இலங்கைப் பல்கலைக்கழகத்தில் 1949இலேயே கல்வித்துறை தொடங்கப்பட்டிருந்தது. பேராசிரியர் ரி. எல். கிறீன் அதற்குத் தலைமை தாங்கினார். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கே. நேசையா அங்கு விரிவுரையாளராகப் பணியாற்றினார். எனினும் அத்துறையின் பட்டப்பின் டிப்ளோமா பட்டதாரியை நல்லாசிரியராக்கும் நோக்கினது. நல்லாசிரியர் மூப்புப் பெற்றால் நல்லதிபர் ஆவார் என்ற எண்ணமே அக்காலத்தில் மேலோங்கியிருந்தது.

பிறநாடுகளில் இவ்வெண்ணம் முன்னரே கேள்விக்குள்ளாயிற்று. அமெரிக்காவில் 1913இல் பிராங்ளின் பொபிற், பிரெட்றிக் ரெயிலரின் தொழிற்சாலை முகாமைக் கொள்கையைப் பாடசாலைக்குப் பொருத்த முயன்றார். பாடசாலையை ஆலையாகவும் பிள்ளையை உற்பத்திப் பொருளாகவும் காணும் அப்போக்கினால் விளைந்த கேட்டை 1962இல் றேமன்ட் கலகன் விரிவாக எடுத்துக்காட்டினார். அவுஸ்திரேலியாவின் ஆர்மிடேலில் வில்லியம் வோக்கர் இத்துறையைப் பல்கலைக்கழகக் கல்வியாக வளர்த்தார். 1963இல் அங்கிருந்து கல்வி நிருவாகத்துக்கென ஆய்விதழ் வெளிவந்தது. இந்தியாவில் யுனெஸ்கோவின் துணையுடன் 1962இல் புதுடில்லியில் ஆசிய நாடுகளின் கல்வி அதிகாரிகளுக்கான பயிற்சி நிலையம் தோன்றியது. 1974இல் தோமஸ் கிறீன்பீல்ட், பாடசாலை இயற்கைப் பொருளன்று, மனிதரின் எண்ணத்தாலும் விழுமியத்தாலும் ஆக்கப்படுவது என வாதிட்டபோது இத்துறையின் அடித்தளமே விவாதத்துக்குரியதாயிற்று.

இலங்கையில் 1981ஆம் ஆண்டின் கல்வி வெள்ளை அறிக்கை பாடசாலைக் கொத்தணி முறையை முன்வைத்தது. 1985ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின்படி தேசிய கல்வி நிறுவகம் அமைந்தபோது, கல்வி நிருவாகத்துக்கென முன்னரே இயங்கிய பதவியணிக் கல்லூரி அதனுள் அடங்கிற்று. பட்டப்பின் டிப்ளோமாவும் முதுமாணியும் கல்வி முகாமைத்துவத்துக்கெனவே வகுக்கப்பட்டன. 1987இன் பதின்மூன்றாந் திருத்தத்தின் பின் மாகாணமும் வலயமும் புதிய அதிகார மையங்களாயின. 2006 முதல் பாடசாலை மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் சில தீர்மானங்களைப் பாடசாலை மட்டத்துக்கே கொண்டுவர முயன்றது. முகாமையாளரிடமிருந்து திணைக்களத்துக்குச் சென்ற அதிகாரத்தின் ஒரு சிறு பங்கு, ஏறக்குறைய அரை நூற்றாண்டின் பின், அதிபரை நோக்கித் திரும்பலாயிற்று.

எனினும் ஈழத்து அதிபரின் உண்மையான சோதனை எந்தப் பாடத்திட்டத்திலும் இடம்பெறாதது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாம மக்கள் ஒருசேர இடம்பெயர்ந்தபோது அவர்களின் பாடசாலைகளும் இடம்பெயர்ந்தன. தென்மராட்சியில், வேறு பாடசாலைகளின் கட்டடங்களில், உரிய பாடசாலை கலைந்த பின் பிற்பகலில் அவை கூடின. கட்டடமும் தளபாடமும் இல்லாதபோதும் பாடசாலை என ஒன்று இருந்தது. சிதறிய ஆசிரியரையும் மாணவரையும் மீண்டும் ஒன்றுசேர்த்த தலைமையே அதனைப் பாடசாலையாக வைத்திருந்தது. கிறீன்பீல்ட் கருத்தளவில் நிறுவ முயன்றதை அவ்வதிபர்கள் வாழ்க்கையில் மெய்ப்பித்தனர்.

பட்டப்பின் கல்வி எதிர்நோக்கும் பிரச்சினை இங்குதான் உளது. பதவியுயர்வுக்குரிய தகைமையாக மட்டும் அது பயிலப்படுமாயின், பழைய பெறுபேற்று நன்கொடை முறை வேறு வடிவிற் தொடர்வதாகவே முடியும். அன்று பிள்ளை சித்தியடைந்தது நன்கொடைக்காக, இன்று அதிபர் சித்தியடைவது தரத்துக்காக. பிறநாட்டுக் கோட்பாடுகளைக் கற்றல் வேண்டும். ஆனால் அவற்றை உரைத்துப் பார்க்கும் உரைகல் இந்நாட்டின் அனுபவமாதல் வேண்டும். பழைய பாடசாலைகளிற் சம்பவத் திரட்டுகள் எஞ்சியிருக்கின்றன. போரையும் இடப்பெயர்வையும் கடந்துவந்த அதிபர்கள் ஓய்வுபெற்று முதுமையெய்தி வருகின்றனர். முதுமாணி ஆய்வுகள் அத்திரட்டுகளையும் அம்மனிதரையும் நாடுமாயின் ஈழத்துக்குரிய தலைமைத்துவக் கல்வி ஒன்று உருவாகும். திரட்டுகள் செல்லரித்துப் போவதற்கும் அம்மனிதர் மறைவதற்கும் முன்னர் அப்பணி தொடங்கப்படுதல் வேண்டும்.