மூட்டை எழுத்து

சாக்கின் மேல் தகடு வைத்து மை தட்டிப் பதிக்கும் எழுத்துக்கு மூன்று அடையாளங்கள் உண்டு: தடித்திருக்கும், நெருக்கியடித்து நிற்கும், நடுவே துண்டுபட்டிருக்கும். தடிப்பு சணல் நெசவால் வந்தது. இழைக்கு இழை இடைவெளி உள்ள துணியில் மை ஊறிப் பரவும். மெல்லிய கோடு அதில் கரைந்துவிடும். நெருக்கத்துக்குக் காரணம் சாக்கின் அகலம். 50 கிலோ தானியம் பிடிக்கும் சணல் சாக்கு 94 சென்டிமீட்டர் நீளம், 57 சென்டிமீட்டர் அகலம். மூட்டை உப்பியதும் பக்கவாட்டு எழுத்து வளைந்து மறைந்துவிடுவதால், படிக்கக் கிடைக்கும் இடம் இன்னும் குறைவு. ஊர்ப்பெயர் ஒரே வரியில் அடங்க வேண்டுமென்றால் எழுத்தை ஒடுக்கித்தான் ஆக வேண்டும்.

துண்டுபடுவதற்குத் தகடே காரணம். வட்டத்தை முழுதாக வெட்டினால் உள்ளே இருக்கும் தகரம் உதிர்ந்துவிடும். அதைத் தாங்க ஒரு சிறு பாலத்தை வெட்டாமல் விட வேண்டும். ஆங்கிலப் பெரிய எழுத்துகள் 26இல் மூடிய கண் உள்ளவை ஏழுதான். தமிழில் நிலைமை தலைகீழ். ட, ப, ய, ர போன்ற சில எழுத்துகளே திறந்தவை; மற்றவை பெரும்பாலும் சுழியோடு பிறந்தவை. ‘தியாகதுருகம்’ என்று வெட்டப் புகுந்தால் த இரண்டு, க இரண்டு, ம ஒன்று எனக் குறைந்தது ஐந்து இடங்களில் பாலம் தேவை. ‘யா’ தொல்லை தராதது.

தியாகதுருகம் சேலம்–உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் இருக்கும் ஊர். மார்க்கெட் கமிட்டி என்று விவசாயிகள் சொல்லும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு நெல்லும் உளுந்தும் மக்காச்சோளமும் மூட்டையாகத்தான் வருகின்றன. இதே வட்டாரத்தில் மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் இரண்டு கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் உள்ளன. சர்க்கரை மூட்டைக்கு ஆலையின் பெயர், அரவைப் பருவம், எடை ஆகியவற்றோடு எஸ்-30, எம்-30 என்ற தரக்குறியும் வேண்டும். எழுத்து படிகத்தின் பருமனையும் எண் நிறத்தையும் குறிக்கும். அந்த ‘30’இல் மூன்று தானாகவே நிற்கும். பூஜ்யத்துக்கு மேலும் கீழும் பாலம் வைக்க வேண்டும்.

தகட்டு எழுத்து உலகில் பழைய தொழில். பிரான்சில் ஜோசப் டேவிட் என்பவர் ஒரே தகட்டின் துளைகளைச் சேர்த்துச் சேர்த்து எல்லா எழுத்தும் எண்ணும் வரையும் முறைக்கு 1870களில் காப்புரிமை பெற்றார். சண்டிகரை வடிவமைத்த லெ கொர்புசியே தம் வரைபடங்களில் தகட்டு எழுத்தை விரும்பிப் பயன்படுத்தியவர். பெட்டி, பீப்பாய் மேல் இருந்த இந்த உருவத்தை அமெரிக்காவில் 1937இல் இருவர் அச்சு எழுத்தாக்கினார்கள்: லட்லோ நிறுவனத்துக்கு ராபர்ட் ஹண்டர் மிடில்டன், அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸுக்கு ஜெரி பவல். இரண்டிலும் பெரிய எழுத்துகள் மட்டுமே, இரண்டும் கனத்தவை.

தமிழுக்கு அந்த வழி அப்படியே பொருந்தாது. எங்கு பாலம் விடுவது என்பதில்தான் முழுத் திறமையும் இருக்கிறது. ‘நல்லெண்ணெய்’ என்று டின்னில் பதிக்கும் தகட்டை எடுத்துக்கொண்டால், ‘ண்ணெ’ என்ற இடத்தில் சுழிகள் வரிசையாக நெருங்கி நிற்கும். ண-வுக்கும் ன-வுக்கும் வேற்றுமை ஒரு சுழிதான். பாலம் மெலிந்தால் இரண்டு தட்டுக்குள் வளைந்துவிடும். தடித்தால் சுழியே காணாமல் போகும். மை கூடினாலோ ண, ன இரண்டும் ஒரே கறையாகிவிடும். கை எழுதும்போது கோடு திரும்பும் இடத்தை விட்டுவிட்டு, நேராக ஓடும் இடத்தில் பாலம் வைத்த தகடே நன்றாகப் படிக்க வரும். எல்லா எழுத்துக்கும் ஒரே உயரத்தில் குறுக்கே வெட்டிய தகட்டில் எழுத்தின் ஓட்டம் செத்துவிடுகிறது.

புள்ளி மட்டும் தகட்டுக்கு இனியது. ஓலை கிழியும் என்று சுவடி எழுதியவர்கள் விட்டுவிட்ட புள்ளி, தகரத்தில் ஒரே குத்தில் முடியும் வேலை. 1978இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தமும் கைகொடுத்தது. ணா, றா, னா, ணை, லை உள்ளிட்ட 13 எழுத்துகளின் பழைய கூட்டு வடிவங்கள் போய், தனிக் காலும் தனி ஐகாரக் குறியும் வந்தன. ஒவ்வோர் எழுத்துக்கும் தனித் தகடு வைத்துக் கோத்துப் பதிப்பவருக்கு இத்தனை தகடுகள் மிச்சம்.

மாவட்டப் பெயர் தாங்கிய தகடுகள் தியாகதுருகத்தில் நெடுநாள் நிலைக்க வழியில்லை. தென்னார்க்காடு 1993இல் பிரிந்து விழுப்புரம் வந்தது. 2019 நவம்பர் 26 முதல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம். க, ள, ச எனக் கண்ணுள்ள எழுத்துகளே நிறைந்த பெயர் அது.

தானியத்தைச் சணல் சாக்கில் கட்டச் சொல்லும் 1987ஆம் ஆண்டுச் சட்டத்தால் சாக்கு நிலைத்தது. பிளாஸ்டிக் பையில் பெயரும் சின்னமும் இயந்திரத்திலேயே அச்சாகி வருகின்றன. பருவ ஆண்டு, லாட் எண் போல அடிக்கடி மாறும் விவரங்களுக்குத் தகடு இன்னும் மலிவான வழி. எக் டைப் குழு 2022இல் வெளியிட்ட அனெக் தமிழ் எழுத்துருவில் ஒடுக்கிய, மிகத் தடித்த வடிவம் கிடைக்கிறது. அதில் பாலங்கள் இல்லை. தகட்டுக்கு அதை எடுப்பவர் க, ச, த, ண ஒவ்வொன்றிலும் பாலத்தின் இடத்தைத் தாமே பார்த்து முடிவு செய்ய வேண்டும்.