பக்கத்து தோட்டக்காரர் வேலியைத் தள்ளிப் போட்டால் என்ன செய்வது? போடி மலைச்சரிவில் சட்டம் சொல்வது என்ன?

போடிநாயக்கனூர் மாந்தோப்பு, இலவந்தோப்பு தொடங்கி மேலே ஏலத் தோட்டம் வரை அடிக்கடி கேட்கும் புகார்: "வேலி எங்க பக்கம் தள்ளி வந்துருச்சு."

வேலிக்கென்று தமிழ்நாட்டில் தனிச் சட்டம் கிடையாது. 1923-ம் ஆண்டு நில அளவை மற்றும் எல்லைகள் சட்டப்படி ஊன்றிய சர்வே கல்தான் கணக்கு. பட்டாவில் பரப்பு மட்டும்தான் இருக்கும். எல்லை அளவுகள் எஃப்.எம்.பி. எனும் புலப்படத்தில் இருக்கும்.

சரிவு நிலத்தில் ஏன் சிக்கல்?

புலப்படத்தில் உள்ள தூரம் எல்லாம் கிடைமட்ட அளவு. 30 டிகிரி சரிவில் தரையோடு டேப் பிடித்து 100 மீட்டர் அளந்தால், படக் கணக்கில் அது சுமார் 87 மீட்டர்தான். மேல் தோட்டக்காரரும் கீழ் தோட்டக்காரரும் அவரவர் கல்லில் இருந்து இப்படி அளந்தால், நடுவில் ஒரு துண்டு மிஞ்சும். அதை ஒருவர் வளைத்து வேலி போட்டதும் சண்டை ஆரம்பம். இத்தனைக்கும் அளந்ததில் யாரும் ஏமாற்றியிருக்க மாட்டார்கள்!

எனவே டேப்போடு மல்லுக்கட்டாமல் நில அளவைக்கு விண்ணப்பிக்கலாம். ஆன்லைனிலும் முடியும். சர்வேயர் வரும் நாளில் பக்கத்து நிலக்காரரும் இருப்பது நல்லது. பின்னால் 'எனக்குத் தெரியாது' என்ற பேச்சு வராது. அரசு ஊன்றிய கல்லைப் பிடுங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 326-வது பிரிவில் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம்.

அளந்த பிறகும் ஒத்துவரவில்லை என்றால் வேலியை நாமே பிடுங்கக் கூடாது. இடம் யாருடையது என்று முடிவு செய்ய போலீசுக்கு அதிகாரமில்லை, சிவில் கோர்ட்தான். அங்கே வக்கீல் கமிஷனர் சர்வேயரோடு வந்து அளப்பார். அனுபவித்து வந்த இடத்தில் இருந்து அத்துமீறி வெளியேற்றப்பட்டவர், 6 மாதத்துக்குள் வழக்கு போட்டால் பத்திரத் தகராறுக்குள் போகாமலே இடத்தைத் திரும்பக் கேட்கலாம்.

'நம்ம இடம்தானே, எங்க போயிடும்' என்று விடுவதுதான் ஆபத்து. உரிமையாளரை மறுத்து ஒருவர் வெளிப்படையாக, தொடர்ந்து 12 ஆண்டுகள் அனுபவித்தால், 1963 காலவரையறைச் சட்டப்படி உரிமையே போய்விடலாம்.

போடிமெட்டு தாண்டினால்?

போடிக்காரர்கள் பலரின் ஏலத் தோட்டம் இருப்பது கேரளாவின் உடும்பன்சோலை தாலுகாவில். அங்கே தேனி சர்வேயர் அளக்க முடியாது. கேரளாவின் 1961-ம் ஆண்டு சட்டப்படி அந்த மாநில அதிகாரிகளிடம்தான் போக வேண்டும். குத்தகை நிலம் என்றால் உரிமையாளர் அரசு. எனவே குத்தகைப் பத்திரத்தை முதலில் பார்க்க வேண்டும்.

யானை, பன்றிக்குப் பயந்து மின்கம்பத்தில் இருந்து நேரடியாக வேலிக்கு கரண்ட் இழுத்தால் அது மின்திருட்டு. 3 ஆண்டு வரை சிறை. தமிழ்நாட்டில் காட்டை ஒட்டிய நிலத்தில் சோலார் மின்வேலி போடவும் 2023 விதிகளின்படி வனத்துறை அனுமதி வேண்டும்.