அண்ணன் பெயரில் போட்ட கடிதங்கள்



அண்ணனின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்களில் பலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். பந்தல் ஓரத்தில் மடியில் ஒரு மஞ்சள் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெரியவர் யார்? அண்ணன் மகன் விசாரித்தபோது, "உங்கப்பாவோட நேயர் நண்பர் தம்பி, கடலூர் முதுநகர்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். "நேயர் நண்பர்னா என்ன அத்தை?" என்று அவன் என்னிடம் வந்து நின்றான். வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள், அப்போது சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன். கொஞ்சம் வரலாறும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும், அதனால் நீளும். வகுப்பில் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் இதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்வது சிலோன் ரேடியோ காலம். 1967 ஜனவரியிலேயே அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஆகிவிட்டது. ஆனால் சிதம்பரத்தில் எங்கள் தெருவில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. இரண்டாம் உலகப் போரில் நேசப்படைகளுக்காக இலங்கையில் பெரிய சிற்றலை ஒலிபரப்பி ஒன்றை அமைத்தார்கள். போர் முடிந்ததும் அது இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1950-இல் வர்த்தக ஒலிபரப்பு தொடங்கியது. இந்தியாவில் 1952-இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி.கேஸ்கருக்கு சினிமாப் பாட்டு பிடிக்காது. சாஸ்திரிய இசைதான் மக்களுக்கு நல்லது என்று நினைத்தார், அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்கள் ஏறக்குறைய நின்றுபோயின. மக்கள் பேசாமல் குமிழைத் திருகி இலங்கைக்குப் போய்விட்டார்கள். வடக்கே அமீன் சயானியின் பினாக்கா கீத் மாலா அதே 1952-இல்தான் அங்கே தொடங்கியது. 1957 அக்டோபரில் டெல்லி விவித் பாரதியைக் கொண்டு வந்தது, ஆனால் அதற்குள் பழக்கம் ஊறிவிட்டது.

நம் கரைக்கு இன்னொரு வசதியும் இருந்தது. மத்திய அலை நிலத்தைவிடக் கடல் நீரின் மேல் வெகுதூரம் வலு குறையாமல் வரும். கடலூர், பரங்கிப்பேட்டை, சிதம்பரம் பக்கத்தில் சில நேரம் சென்னையை விட இலங்கை தெளிவாகக் கேட்கும். எங்கள் வீட்டில் இருந்தது வால்வு வைத்த மர்ஃபி பெட்டி. போட்டதும் பாடாது, சூடேற வேண்டும். அதற்கு உரிமம் வாங்கி ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் பணம் கட்டுவார் அப்பா. மாடியில் இரண்டு மூங்கில் நட்டு நடுவில் செம்புவலை ஏரியல் கட்டியிருந்தோம். காக்கை உட்கார்ந்தால் கொழும்பு கரகரக்கும்.

மயில்வாகனன் குரல் அப்பாவின் காலத்துக் குரல். எங்கள் காலம் கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம். பாட்டுக்குப் பாட்டு நிகழ்ச்சியைத் தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்த உங்களுக்கு ஒன்று சொல்கிறேன், அதை அப்துல் ஹமீத் முதலில் வானொலியில்தான் நடத்தினார். ஆனால் நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது பாட்டுக்காக மட்டும் இல்லை. பாட்டுக்கு முன்னால் வாசிப்பார்களே, விரும்பிக் கேட்டவர்களின் பெயர்ப் பட்டியல், அதற்காகத்தான். ஆளின் பெயர், அடுத்து ஊர்ப்பெயர், அவ்வளவுதான் இருக்கும். என்ன தொழில், எந்தத் தெரு, என்ன சாதி என்று எதுவும் வராது. அந்தக் காலத்துச் சிதம்பரத்தில் தெருவைச் சொன்னால் மற்றது எல்லாம் தெரிந்துவிடும். ரேடியோவில் தெரு வராது. திருநெல்வேலிக்காரரும் மலைநாட்டுத் தோட்டத்து ஆளும் நம் ஊர்க்காரரும் ஒரே பாட்டுக்கு வரிசையாக நிற்பார்கள்.

இந்த வேலை நமக்கு மட்டும் சொந்தமில்லை. பீகாரில் (இப்போது ஜார்க்கண்ட்) ஜும்ரி தலையா என்று ஒரு மைக்கா சுரங்க ஊர். அங்கிருந்து கொழும்புக்கும் விவித் பாரதிக்கும் போன விருப்பக் கடிதங்கள் எண்ணி மாளாது. அங்கே ரசிகர்கள் மன்றம் வைத்துக்கொண்டு போட்டி போட்டு எழுதினார்கள். இந்தியா முழுக்க அந்த ஊர்ப்பெயரைக் கேட்டுக் கேட்டு, அது வானொலிக்காரர்கள் கற்பனையில் உண்டாக்கிய ஊர் என்றே பலர் நம்பினார்கள். அமெரிக்காவில் இன்னும் முன்னால் நடந்திருக்கிறது. வானொலி உதிரிப்பாகம் விற்றுக்கொண்டிருந்த ஹியூகோ கெர்ன்ஸ்பேக் என்பவர் 1926-இல் 'அமேசிங் ஸ்டோரீஸ்' என்ற அறிவியல் கதை இதழைத் தொடங்கினார். வாசகர் கடிதங்களை முழு முகவரியோடு அச்சிட்டார். படித்தவர்கள் ஆசிரியரை விட்டுவிட்டு ஒருவருக்கொருவர் எழுத ஆரம்பித்தார்கள். அதிலிருந்து மன்றங்கள் பிறந்தன, 1930-இல் ரசிகர்களே நடத்திய 'தி காமெட்' என்ற சிற்றிதழும் வந்தது. இன்று உலகம் முழுக்க இருக்கும் ரசிகர் கூட்டங்களுக்கு அந்த முகவரிகளைத்தான் தொடக்கமாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. கடலூரில் ஒருவர் முகவரியே இல்லாமல் அதைச் செய்ததைப் பார்த்தவள் நான்.

1976-இல் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். ஆசிரியர் பயிற்சிக்கு அடுத்த ஆண்டுதான் இடம் கிடைத்தது. அந்த ஓராண்டில் எனக்கு ரேடியோதான் துணை. பாட்டு கேட்டு எழுத வேண்டும் என்று ஆசை. ஆனால் வயதுக்கு வந்த பெண்ணின் பெயரும் ஊரும் ரேடியோவில் வந்தால் என்ன பேச்சு வரும் என்று உங்கள் பாட்டிமார்களைக் கேளுங்கள். எங்கள் தெருவிலேயே ஒரு பெண்ணின் பெயர் பிறந்தநாள் வாழ்த்தில் வந்து, ஊர் பேர் தெரியாத பையன்கள் கடிதம் போட்டு, அவள் படிப்பு நின்றது. ஆகவே நான் அண்ணன் பெயரில் எழுதினேன். அண்ணனுக்குத் தெரியாது. அவனுக்குக் கிரிக்கெட்டைத் தவிர எதுவும் காதில் ஏறாது. கடைக்குப் போகும் காசில் மிச்சம் பிடித்துத் தபால்தலை வாங்கினேன். 'கொழும்பு 7' என்று உறையில் எழுதும்போது கை நடுங்கும். மூன்றாவதோ நான்காவதோ கடிதத்துக்கு அண்ணன் பெயர் வந்தது. சமையலறையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். யாரிடம் போய்ச் சொல்வது?

பிறகு அடிக்கடி வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வாசலில் ஒருவர் நின்றார். கடலூர் முதுநகரில் ஐஸ் கம்பெனியில் வேலை, வயது இருபத்திரண்டு இருக்கும். கையில் ஒரு நோட்டு. ரேடியோவில் வரும் தென்னாற்காடு மாவட்டத்துப் பெயர்களையெல்லாம் எழுதி வைத்து, விடுமுறை நாளில் பாசஞ்சர் ரயிலேறி ஊர் ஊராகத் தேடிப் போய்க்கொண்டிருந்தார். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை, சிதம்பரம். "வெறும் பேரையும் ஊரையும் வச்சு எப்படிப்பா வீட்டைக் கண்டுபிடிச்ச?" என்று அம்மா கேட்டார். "தபால்காரரைக் கேட்டேம்மா. கொழும்புக்குக் கடிதாசு போடுற வூடு எதுன்னு அவங்களுக்குத் தெரியாதா?" என்றார்.

அண்ணனை எழுப்பிக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். வந்தவர் ஆசையாக, "போன புதன்கிழமை நீங்க கேட்ட பாட்டு, அடடா, என்ன பாட்டுங்க அது!" என்றார். "நான் எங்க கேட்டேன்?" என்றான் அண்ணன். அம்மா என்னைப் பார்த்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். வந்தவர் கெட்டிக்காரர். கதவை ஒரு தரம் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், பேச்சை ஏரியலுக்கு மாற்றிவிட்டார். காபி குடித்துவிட்டுப் போகும்போது நோட்டை நீட்டி, "முகவரி எழுதித் தாங்க, நேயர் மன்றம் ஆரம்பிக்கிறோம்" என்றார். அண்ணன் எழுதினான். எதற்கு எழுதுகிறோம் என்று தெரியாமலே எழுதினான்.

அன்று ராத்திரி என்னைத் திட்டுவான் என்று பயந்தேன். "ஏண்டி, என் பேருக்கு இவ்வளவு மரியாதையா?" என்று சிரித்தான். அப்பாவிடம் சொல்லவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. மன்றத்தின் முதல் கூட்டம் கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் நடந்தது, நீங்கள் சில்வர் பீச் என்பீர்கள். என் சார்பில் அண்ணன் போனான். என்னென்ன பாட்டு பிடிக்கும் என்று கேட்டால் சொல்வதற்காக ஒரு தாளில் எழுதிக் கொடுத்து அனுப்பினேன், பரீட்சைக்குப் போகிறவனைப் போல மனப்பாடம் செய்தான். வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவரும் எழுந்து பெயர், ஊர், எந்த வருடத்திலிருந்து கேட்கிறேன், என்ன ரேடியோ என்று சொன்னார்களாம். ஒரு மீனவர், ஒரு வங்கி குமாஸ்தா, ஒரு தையற்காரர், பள்ளிப் பையன்கள் இரண்டு பேர். திரும்பும்போது மீனவர் வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு. "அவங்க வூட்லயா சாப்பிட்ட?" என்று அப்பா கேட்டது எனக்கு இன்றும் காதில் இருக்கிறது. அண்ணன் பதில் சொல்லவில்லை. அடுத்த கூட்டத்துக்கும் போனான், அங்கேயே சாப்பிட்டும் வந்தான். அந்த நோட்டில் நாற்பதுக்கு மேல் பெயர்கள் சேர்ந்தன. பெண் பெயர் ஒன்றுகூட இல்லை. சாதியைத் தாண்டிய கூட்டம் அது என்று பெருமையாகச் சொல்வார்கள், நானும் சொல்வேன். இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மன்றத்தார் மற்ற நிலையங்களையும் பிடித்தார்கள். லண்டன் பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்பு 1941-இல் தொடங்கியது, அதற்கு 'தமிழோசை' என்று பெயர் வைத்தவர் யாழ்ப்பாணத்துச் சோ.சிவபாதசுந்தரம். சீன வானொலி தமிழில் வந்தது 1963 ஆகஸ்ட் 1 முதல், சண்டை முடிந்து ஒரு வருடம்கூட ஆகாத நேரம். மணிலாவிலிருந்து வெரித்தாஸ். அலை எத்தனை வலுவாக வருகிறது, இடைஞ்சல் எவ்வளவு, இரைச்சல் எவ்வளவு என்று ஐந்துக்கு மதிப்பெண் போட்டு நிலையத்துக்கு எழுதினால், அங்கிருந்து படம் போட்ட அட்டை ஒன்று வரும். தங்கள் ஒலி கடல் கடந்து எப்படிப் போய்ச் சேருகிறது என்று அவர்களுக்குத் தெரிய வேறு நல்ல வழி இல்லை, அதனால்தான் அவ்வளவு மரியாதையாகப் பதில் போட்டார்கள். பீஜிங்கிலிருந்து காகிதத்தில் வெட்டிய பூக்கள் வரும். அங்கே தமிழ் பேசிய சீனப் பெண்மணி ஒருவரின் பெயர் கலையரசி. அவர் நம் பெயரை வைத்துக்கொண்டு தமிழில் தன்னை அறிமுகம் செய்வதைக் கேட்கும்போதெல்லாம், தமிழச்சி நான் அண்ணன் பெயரில் ஒளிந்திருக்கிறேனே என்று தோன்றும்.

யாழ்ப்பாணத்திலிருந்தும் ஒரு கடிதம் வந்தது. மன்றத்தின் பட்டியலில் முகவரி பார்த்து, "அன்புள்ள அண்ணா" என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். என் வயதுதான். அவள் சொந்தப் பெயரில் எழுதியிருந்தாள். மூன்று நாள் தூங்கவில்லை நான். கடைசியில், "நான் அண்ணன் இல்லை, தங்கை" என்று முதன்முதலாக என் பெயரைப் போட்டு எழுதினேன். பதில் வந்தது. எங்கட வீட்டில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம் என்று எழுதியிருந்தாள். ஏழு வருடம் எழுதிக்கொண்டோம். பாட்டு, படிப்பு, அவள் அம்மா வைக்கும் ஒடியல் கூழ், என் பயிற்சிப் பள்ளி, பிறகு என் முதல் வேலை. 1983 ஜூலையில் கலவரம் நடந்தபோது அவள் கொழும்பில் வேலையில் இருந்தாள். அதன்பின் கடிதம் இல்லை. நான் போட்டவை திரும்பியும் வரவில்லை. அகதிகள் நம் மாவட்டத்துக்கும் வந்தபோது ஐஸ் கம்பெனிக்காரரும் அண்ணனும் முகாமுக்கு முகாம் போய் அவள் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள். பெயரையும் ஊரையும் மட்டும் வைத்துக்கொண்டு ஆளைத் தேடுவது அவர்களுக்குப் பழக்கமான வேலைதான். இந்த முறை கிடைக்கவில்லை.

மன்றம் கலைந்தது என்று ஒரு நாளைச் சொல்ல முடியாது. டி.வி. வந்தது, பண்பலை வந்தது, ஆட்கள் குறைந்தார்கள். தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30-ஆம் தேதி நின்றபோது ஐஸ் கம்பெனிக்காரர் எனக்குப் போன் செய்து ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டார். என்னிடம் இருந்த கடிதங்களும் அட்டைகளும் அதற்கு முன்பே போய்விட்டன. 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயலில் ஓடு பறந்தது, டிரங்குப் பெட்டி முழுக்கத் தண்ணீர். யாழ்ப்பாணத்துக் கடிதங்கள் நீல மையில் எழுதியவை. ஒரு வரிகூட மிஞ்சவில்லை.

காரியத்தன்று அந்தப் பெரியவர் மஞ்சள் பையிலிருந்து எடுத்து என்னிடம் கொடுத்தது அந்தப் பழைய நோட்டு. சிதம்பரம் பக்கத்தில் அண்ணன் கையெழுத்தில் அவன் முகவரி இருக்கிறது. "அவருக்குத் தெரிஞ்சது ரெண்டு பாட்டுதாம்மா. ஆனா ஒரு கூட்டம் தவறல" என்றார். இரங்கல் அட்டையில் அண்ணனை 'இலங்கை வானொலியின் நீண்டகால நேயர்' என்று போட்டிருந்தீர்கள். எழுதியது நான். போனது அவன். அட்டையில் போட்டது அப்படியே இருக்கட்டும்.

நோட்டில் யாழ்ப்பாணம் என்று தலைப்பிட்ட பக்கமும் இருக்கிறது, அவள் முழுப்பெயரும் வீட்டு முகவரியும் அதில் உண்டு. அதை இங்கே போட மாட்டேன். கனடா, லண்டன், சுவிஸ் பக்கம் இருக்கும் என் மாணவர்கள் யாருக்காவது யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் பழக்கம் இருந்தால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள், சொல்கிறேன். ஆலப்பாக்கம் முதல் சிதம்பரம் வரை உள்ள மற்றவர்கள், உங்கள் அப்பாவோ தாத்தாவோ ரேடியோவுக்குக் கடிதம் போட்டவர் என்றால் பெயர் சொல்லுங்கள். நோட்டைப் பார்த்துச் சொல்கிறேன். அடுத்த ஞாயிறு முதுநகரில் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதற்குள் கேளுங்கள்.