வள்ளுவர் கோட்டம்: வகுப்பில் நான் தவறாகச் சொன்னது



சென்ற வாரம் சென்னையில் மகள் வீட்டில் இருந்தபோது பேத்தியை அழைத்துக்கொண்டு நுங்கம்பாக்கம் வள்ளுவர் கோட்டம் சென்றேன். புதுப்பித்து 2025 ஜூனில் மீண்டும் திறந்திருக்கிறார்கள். தோட்டத்தில் சிறிது நேரம் உட்கார்ந்தோம். அப்போதுதான் என் பழைய பிழை ஒன்று நினைவுக்கு வந்தது.

"வள்ளுவர் கோட்டத்தைக் கட்டியவர் யார், திறந்தவர் யார்?" என்று வகுப்பில் கேட்பேன். இரண்டுக்கும் "கலைஞர்" என்றுதான் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். கட்டியது அவர் ஆட்சியில்தான். திருவாரூர்த் தேரை மாதிரியாக வைத்து, கணபதி ஸ்தபதியின் கைவண்ணத்தில் 128 அடி உயரக் கல்தேர் எழுந்தது. ஆனால் 1976 ஜனவரி 31 அன்று, நெருக்கடி நிலைக் காலத்தில், அவருடைய ஆட்சி கலைக்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் கோட்டத்தைத் திறந்து வைத்தவர் குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது. 13 ஆண்டுகள் கழித்து, 1989இல், கலைஞர் அதே கோட்டத்தில் முதலமைச்சராகப் பதவியேற்றார். தேர்வில் நான் சொன்னபடி எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள் இன்று திருத்திக்கொள்ளுங்கள்.

சொல்லாமலே விட்டது இன்னொன்று. அதைப் பேத்திதான் கிளறினாள். "தாத்தா, பக்கத்துத் தெருவுக்கெல்லாம் லேக் ஏரியான்னு பேரு இருக்கே, லேக் எங்கே?"

நாங்கள் உட்கார்ந்திருந்த இடம்தான் கண்ணு, என்றேன். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை ஒரு காலத்தில் நீண்ட ஏரி கிடந்தது. 1920களில் மாம்பலம் பகுதியை வற்றவைத்துத் தியாகராய நகரை அமைத்தார்கள். மிஞ்சிய நுங்கம்பாக்கம் ஏரியும் பிறகு தூர்ந்தது. அந்த நிலத்தில்தான் கோட்டம் நிற்கிறது. ஏரி போய்விட்டது, தெருப்பெயர் மட்டும் தங்கிவிட்டது.

பிறகு குறள் மணிமாடத்தில் ஏறினோம். 133 அதிகாரங்கள், 1330 குறள்களும் கல்லில் இருக்கின்றன. கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரம் எது? உங்களில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள், வான்சிறப்பு. மழையில்லாவிட்டால் உலகில் எதுவுமே நடக்காது என்று பத்துக் குறளில் சொன்னவருக்கு, மழைநீர் தேங்கிய ஏரியைத் தூர்த்த இடத்தில் கோட்டம். கட்டியவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஊர் பெருகும்போது ஏரி வெற்றிடமாகத்தான் எல்லார் கண்ணுக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கும் அன்று அப்படித்தான் தெரிந்திருக்கும்.

ராக்போர்ட்டில் திருச்சி வந்து, அங்கிருந்து பஸ்ஸில் துறையூர் திரும்பினேன். மறுநாள் காலை நடைக்கு நம் பெரிய ஏரிக்கரைக்குப் போனேன். சித்திரை வெயிலில் வறண்டு கிடக்கும்போது நாமும் அதைப் பொட்டல் என்றுதானே சொல்கிறோம்?

உங்களில் வீட்டுமனை விற்பவர்கள் இருக்கிறீர்கள், ஊராட்சி, நகராட்சியில் பொறுப்பில் இருப்பவர்களும் இருக்கிறீர்கள். ஒரு நிலம் உங்கள் மேசைக்கு வரும்போது, அது முன்பு என்னவாக இருந்தது என்று ஒருமுறை கேளுங்கள். வரலாற்றுப் பாடத்தில் நான் உங்களைக் கேட்கச் சொல்லியிருக்க வேண்டிய கேள்வி அதுதான்.

பேத்தியை அடுத்த விடுமுறைக்குத் துறையூர் வரச் சொல்லியிருக்கிறேன். இங்கே அவள் "ஏரி எங்கே?" என்று கேட்டால் கைநீட்டிக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்